குடும்பச் சிகிச்சையும் ஊவாத் தோட்டக் குடும்பமும்

நோயுற்ற ஒருவனைத் தனியே மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் நம்மவரிடை இல்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரியின் வாயிலிற் காலை வேளையில் நிற்பவர் எவரும் இதனைக் காணலாம். காய்ச்சலுற்ற பிள்ளையுடன் தாய் வருவாள், தாயுடன் அவளுடைய தமக்கை வருவாள், பாட்டி வருவாள், பசறையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பேருந்தில் வந்திறங்கிய சிற்றப்பன் ஒருவன் சோற்றுப் பொதியுடன் பின்னே நிற்பான். மருத்துவர் பிள்ளையையும் தாயையும் உள்ளே அழைப்பார். ஏனையோர் வெளியே காத்திருப்பர். அவ்வாறு வெளியே நிற்பவரையும் உள்ளே அழைத்து, நோயைப் பற்றி அவர்கள் எல்லோரிடத்தும் உசாவி, அவர்கள் ஒருவரோடொருவர் பழகும் முறையினையே சிகிச்சைக்குரிய பொருளாகக் கொள்ளும் ஒரு முறை கடந்த எழுபது ஆண்டுகளாக மேனாடுகளில் வளர்ந்து வந்துள்ளது. உள்ளத்து நோய்களுக்கும் நடத்தைக் கோளாறுகளுக்கும் உரிய அம்முறை குடும்பச் சிகிச்சை எனப்படும். அஃது இன்று எந்நிலையில் உள்ளது, அதனுள் எழுந்துள்ள பிணக்குகள் யாவை, எல்லவையும் பண்டாரவளையையும் சூழ்ந்த தோட்டங்களில் அது நடைபெற வேண்டுமாயின் எவ்வாறு மாறவேண்டும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உளமருத்துவம் செய்தோர் நோயாளியை அவனுடைய வீட்டாரிடமிருந்து பிரித்தே கண்டனர். உறவினரைச் சந்திப்பது சிகிச்சைக்குக் கேடு என்று கருதியோரும் உளர். இக்கருத்து 1950களில் தளர்ந்தது. ஐக்கிய அமெரிக்க நாட்டிலே மரே போவென் என்னும் மருத்துவர் 1954 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியில், மனச்சிதைவு நோயுற்ற இளைஞரை மட்டுமன்றி அவர்தம் தாயரையும், பின்னர் தந்தையரையும் உடன்பிறந்தாரையும் மருத்துவமனை விடுதியிலேயே குடியிருத்தி, அவர்கள் நாளும் வாழும் வகையை நோக்கினார். கலிபோர்னியாவிலே கிரெகரி பேட்சன் என்னும் மானிடவியலறிஞரும் அவரைச் சார்ந்தோரும் 1956 ஆம் ஆண்டில் இரட்டைப் பிணை என்னும் கொள்கையை வெளியிட்டனர். வாயாற் சொல்வதொன்றும் முகத்தாற் காட்டுவது வேறொன்றுமாக முரண்படும் கட்டளைகளுக்கிடையில் அகப்பட்டு, அவற்றினின்று விலகவும் இயலாத பிள்ளையின் நிலையே இரட்டைப் பிணை. நியூயோர்க்கில் நதன் அக்கர்மன் 1960 ஆம் ஆண்டில் இத்துறைக்கெனத் தனி நிலையம் ஒன்றை நிறுவினார். 1962 ஆம் ஆண்டில் இத்துறைக்குரிய ஆய்விதழும் வெளிவரலாயிற்று.

இவர்கள் யாவருக்கும் பொதுவான கருத்து ஒன்றுண்டு. குடும்பம் என்பது ஒரு தொகுதி. விஞ்ஞானம் கற்கும் மாணவர் உடலின் சமநிலை பற்றி அறிவர். வெப்பம் கூடினால் வியர்க்கும், குறைந்தால் நடுங்கும், உடல் தன் நிலையைத் தானே காத்துக்கொள்ளும். குடும்பமும் அவ்வாறே தன் நிலையைக் காக்க முயல்கின்றது. ஒருவரிடத்து உண்டாகும் மாற்றம் எல்லோரையும் அசைக்கும். ஆதலின் நோயாளி என்று அழைத்துவரப்படுபவர் உண்மையில் முழுக் குடும்பத்தின் முறிவையும் தம்மேல் ஏற்றுக்கொண்டு நிற்பவராகவும் இருத்தல் கூடும். அவரை இத்துறையார் நோயாளி என்னாது, நோயாளியெனக் காட்டப்பட்டவர் என்றே குறிப்பர்.

இக்கருத்திலே பேருண்மையும் உண்டு, பெருந்தீங்கும் உண்டு. தீங்கு முதலில் வெளிப்பட்டது. பிள்ளையின் நோய்க்குத் தாயே காரணம் என்னும் எண்ணம் அக்கால மருத்துவரிடையே முன்னரே பரவியிருந்தது. இரட்டைப் பிணைக் கொள்கை அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டியது. மகனுடைய மனச்சிதைவைக் கண்டு துயருற்று வந்த தாய், அந்நோயை நீயே உண்டாக்கினாய் என்னும் குறிப்பைக் கேட்டுத் திரும்பினாள். இக்கொடுமை கண்டு மனம் புழுங்கிய பெற்றோர் 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தமக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மனச்சிதைவு மூளையையும் பரம்பரையையும் சார்ந்த நோய் என்பது பின்னர் தெளிவாயிற்று. எனினும் குடும்பத்துக்கு அதில் எவ்விடமும் இல்லை என்று கூறிவிடவும் முடியவில்லை. இலண்டனிலே ஜோர்ஜ் பிரவுன் முதலானோர், மருத்துவமனையிலிருந்து வீடு சென்ற நோயாளருள் எவர் மீண்டும் நோயுறுகின்றனர் என்று ஆராய்ந்தனர். இடைவிடாத குறைகூறலும் பகைமையும் மிதமிஞ்சிய பராமரிப்பும் உள்ள வீடுகளுக்குச் சென்றோரே மிகுதியாக மீண்டும் நோயுற்றனர் என்பது புலனாயிற்று. நோயை உண்டாக்குவது குடும்பம் அன்று. நோயின் போக்கை மாற்றவல்லது குடும்பம். சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாடு இத்துறையையே திருப்பிவிட்டது. அதன்பின் வந்தோர் வீட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாது, நோயின் இயல்பை அவர்க்கு விளக்கிச் சொல்லித் துணைவராகக் கொள்ளத் தொடங்கினர்.

இந்த ஆராய்ச்சி ஆசிய நாடுகளுக்கு வந்தபோது ஒரு வியப்பு நேர்ந்தது. இந்தியாவின் சண்டிகார் நகரில் நடந்து 1987 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கடுஞ்சொல்லும் பகைமையும் மிக்க உறவினர் ஏறத்தாழ நாலிலொரு பங்கினரே; இலண்டனில் அவர்கள் ஏறத்தாழ அரைப்பங்கினர். நம் நாட்டிலே நான்சி வக்ஸ்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மனச்சிதைவுற்றோர் ஐந்தாண்டுகளின் பின் எந்நிலையில் உள்ளனர் எனத் தேடி, 1979 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். இலங்கைக் குடும்பங்கள் நோயாளியை விலக்கிவைக்காமையும், நோய் நிலையானது என்று நம்பாமையும், பல்வேறு வைத்தியர்பால் அவரைத் தாமே அழைத்துச் சென்றமையும் நோய் தணிவதற்குத் துணையாயின என்பது அவர் கருத்து. இவற்றைக் கொண்டு கீழைத்தேயக் குடும்பமே சிறந்தது எனப் பெருமிதங் கொள்வோர் உளர். அப்பெருமிதம் அளவோடிருத்தல் நன்று. வீட்டிலே கவனிக்கப்படுபவர் என்று கணக்கிடப்படுவோருள் அடைத்துவைக்கப்பட்டவரும் அடங்குவர்.

மருத்துவமனைக்குட் குடும்பத்தைக் கொணர்ந்த சிறப்பும் இந்தியாவுக்கு உண்டு. அமிர்தசரஸ் நகர மனநோய் மருத்துவமனையில் டொக்டர் வித்யா சாகர் 1950களில் நோயாளரின் உறவினரை வளவுக்குள்ளேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். பணியாளர் பற்றாக்குறையே இதற்கு உடனடிக் காரணம். ஆனால் உறவினர் உடனிருந்தபோது நோயாளர் விரைவில் தேறினர். அச்சமும் நாணமும் நீங்கின. வீடு திரும்பியபின் எவ்வாறு நடந்துகொள்வது என்பதையும் வீட்டார் கண்டறிந்தனர். தமிழ்நாட்டிலே வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து 1957 ஆம் ஆண்டில் தொடங்கிய மனநல நிலையத்திலும் உறவினர் உடன்தங்குவது வழக்காயிற்று. இலங்கையில் யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத் துயரங்களை ஆராய்ந்து, தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுறுகின்றன என்று காட்டினார். அவருடைய ‘மனவடு’ என்னும் நூல் இத்துறையிலே தமிழில் எழுந்த அரிய நூல்களுள் ஒன்று.

இனி ஊவாவுக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் மேலே கூறிய நூல்கள் எவற்றிலும் காணப்படாத ஓர் அமைப்பு. லயத்திலே பத்தடிக்குப் பன்னிரண்டடியாக அமைந்த ஒரு காம்பராவும் ஒரு சிறு முன்வாசலும் அதன் எல்லை. பல தோட்டங்களில் தனி வீடுகள் எழுந்துள்ளன. எனினும் லயங்கள் இன்னும் மறையவில்லை. விடியலிற் பிரட்டுக்களத்துக்குச் செல்லும் தாய் மாலையிலேதான் வீடு திரும்புவாள். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவின் கையில் வளரும். சமையல், நீரெடுத்தல், விறகு தேடுதல் யாவும் அவளுக்கே உரியன. சம்பளப் பணம் ஆடவர் கையிற் சேர்வது நெடுங்கால வழக்கு. 1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லலாயினர். தோட்டத்துத் தாயரும் அவ்வழியிற் சென்றனர். இளைஞர் கொழும்பிலே கடைகளிலும், அண்மைக் காலத்தில் எல்ல நகரத்து விடுதிகளிலும் வேலை செய்கின்றனர். ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவரும் வெளிநாட்டார்க்கு வழிகாட்டும் பையன்களுட் பலர் அதனருகே உள்ள லயங்களில் வளர்ந்தவரே.

பல தோட்டங்களிற் பொதுவாகக் காணப்படுவனவற்றைத் தொகுத்து எடுத்துக்காட்டொன்றை அமைத்துக்கொள்வோம். எல்லைக்கு அணித்தான தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒன்பதாம் தரத்திற் பயிலும் சிறுமி காலைக் கூட்டத்தின்போது மயங்கி விழுகின்றாள். வாரத்திற்கு இருமுறை இது நிகழ்கின்றது. பேய் பிடித்தது என்பர் சிலர். நடிப்பு என்பர் சிலர். இங்கு முதற்கண் செய்யத்தக்கது மருத்துவ சோதனையே. தோட்டப் பெண்பிள்ளைகளிடையே இரத்தச்சோகை மலிந்துள்ளது. வலிப்பு நோயும் இருக்கலாம். காலையிற் பிள்ளை உண்டாளா என்பதையும் கேட்டல் வேண்டும். இவற்றைப் பாராது உள்ளத்து நோய் என முடிவு கட்டுதல் பிழை. இச்சிறுமிக்கு இவை யாதும் இல்லை என்று கொள்வோம். தாய் மூன்றாண்டுகளாக ரியாத் நகரில் ஒரு வீட்டிற் பணிபுரிகின்றாள். தந்தை தோட்டத்திலே கவ்வாத்து வெட்டுபவர், மாலையிற் குடிப்பவர். பாட்டி கண்பார்வை குன்றியவள். அண்ணன் எல்லையில் ஒரு விடுதியில் வேலை செய்கின்றான். எட்டு வயதுத் தம்பி ஒருவன் உளன். அவனைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அழைத்துவருபவள் இச்சிறுமியே.

இத்தாலியின் மிலான் நகரிலே மாரா செல்வினி பலாட்சோலியும் அவருடன் பணியாற்றிய மருத்துவர் மூவரும் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் சுற்றுவினா என்னும் உத்தியை விளக்கினர். உனக்கு என்ன குறை என்று நோயாளியைக் கேட்பதற்குப் பதிலாக, இருவருக்கிடையே நடப்பதை மூன்றாமவரிடம் கேட்பதே அவ்வுத்தி. மேற்கூறிய குடும்பத்தை ஒருங்கே இருத்தி, யாரும் எதிர்பாராத வகையில் எட்டு வயதுத் தம்பியிடம், “அக்கா மயங்கி விழுந்தா வீட்டுல யாரு தம்பி முதல்ல வருவாங்க?” என்று கேட்பாராயின், அவன் தயங்காது சொல்லக்கூடிய விடை இதுவாகலாம்: “அப்பாதான் ஓடி வருவாரு. அன்னைக்கு அவரு கடைப்பக்கம் போகமாட்டாரு. ராத்திரி அம்மாவும் கோல் எடுப்பாங்க.”

நோயின் பயன் இவ்விடையில் வெளிப்பட்டுவிடுகின்றது. பயன் என்னுஞ் சொல் சிலருக்கு வெறுப்பூட்டலாம். சிறுமி வேண்டுமென்றே விழுகின்றாள் என்பது அதன் பொருளன்று. அவள் அறியாமலே அவள் உடல் குடும்பத்தை ஒருங்கு சேர்க்கின்றது. தந்தையை ஒரு நாளேனும் குடியினின்று தடுக்கின்றது. கடல் கடந்த தாயின் குரலை வருவிக்கின்றது. அவளை மட்டும் மருத்துவமனையிற் கிடத்தி மருந்து கொடுத்தால் மயக்கம் சிலகாலம் நிற்கலாம். வீடு திரும்பியதும் அதற்குரிய வேலை அங்கே காத்திருக்கும். குடும்பச் சிகிச்சை செய்பவர் அவ்வேலையை அவள் தலையினின்று இறக்கி உரியவரிடம் சேர்க்க முயல்வார். தாயின் அழைப்பு, மயக்கம் வந்தாலும் வராவிடினும், வாரத்தில் இன்ன நாள் வரவேண்டும் என்று ஒழுங்கு செய்வார். தம்பியைக் குளிப்பாட்டும் பொறுப்பிற் பாதியைத் தந்தையிடம் கொடுப்பார். தந்தை அதனைப் பெண்பிள்ளை வேலை எனக் கருதுவாராயின், அவர் கருத்தை இகழாது, இளமையில் அவரை யார் குளிப்பாட்டினார் என்று கேட்பார். பலகாலும் அவ்வினாவுக்கு விடை, மலைக்குச் சென்ற தாயல்லள். பன்னிரண்டு வயதுத் தமக்கை ஒருத்தி. தலைமுறைதோறும் ஒரு பெண்பிள்ளை இவ்வாறு தாயாக்கப்பட்டமை அப்போது தெரியவரும்.

இவ்வுரையாடல் எம்மொழியில் நடைபெறும் என்பதே ஊவாவில் முதல் இடர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளென அறிவிக்கப்பட்டவை. எனினும் உளமருத்துவப் பிரிவுகளிற் சிங்களம் மட்டும் அறிந்த மருத்துவரும் தமிழ் மட்டும் அறிந்த நோயாளரும் எதிரெதிரே அமரும் நிலை மாறவில்லை. மாத்திரை கொடுப்பதற்கு ஓரிரு சொற்கள் போதும். குடும்பத்துள் நடப்பதைப் பேசுவதற்கு அவை போதா. அப்போது மொழிபெயர்ப்பவர் யார்? நம் எடுத்துக்காட்டில் விடுதியிலே சிங்களம் கற்ற அண்ணனே மொழிபெயர்க்க வேண்டியவனாவான். தந்தை குடிப்பதை மருத்துவர் கேட்பார். தந்தையின் முகத்தை நோக்கிய மகன் அவ்வினாவை, “அப்பாவுக்கு உடம்புக்கு ஏதும் வருத்தம் இருக்கான்னு கேக்குறாரு” என்று மாற்றிவிடுவான். தந்தையும், “ஒன்னுமில்லன்னு சொல்லு தம்பி” என்பார். மருத்துவர் குறிப்பேட்டில் எழுதுவதும் அதுவே. தந்தையின் மானத்தைக் காத்த மகனைக் குறைகூறுதல் இயலாது. ஆனால் அன்று அக்குடும்பத்திற் பேச வேண்டிய ஒன்றும் பேசப்படவில்லை.

சிறு பிள்ளை மொழிபெயர்க்கும்போது இடர் இன்னும் பெரிது. ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய போசோர்மெனி-நாஜ் என்னும் அறிஞர், பெற்றோரைச் சுமக்கும் பிள்ளை, பெற்றோராக்கப்பட்ட பிள்ளை என்று ஒரு நிலையைச் சுட்டினார். பத்து வயதில் தாயின் நோய் விவரத்தை அந்நியரிடம் எடுத்துரைக்கும் பிள்ளை அந்நிலைக்கே தள்ளப்படுகின்றது. அதனை அங்கே தள்ளுவது குடும்பமன்று. மொழிபெயர்ப்பாளரை நியமியாத மருத்துவமனை. மேனாட்டிலும் அகதிகளும் குடியேறியோரும் பெருகியபின் இவ்வினா இன்று இத்துறையின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகியுள்ளது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துதல், அவரைக் குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் நடுவே முக்கோணமாக இருத்துதல், பேச்சுக்கு முன்னும் பின்னும் அவரோடு மருத்துவர் தனியே கலந்துகொள்ளுதல் என்னும் ஒழுங்குகள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன.

அடுத்து, குடும்பம் என்பது யார் யார் என்னும் வினா. இத்துறையார் மூன்று தலைமுறைகளையும் ஒரு தாளில் வரைந்துகொள்வர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மணத்துக்கு ஒரு கோடு, பிரிவுக்கு அக்கோட்டை வெட்டும் சாய்கோடு. போவெனின் வழிவந்த இவ்வரைபடம் 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலினால் உலகெங்கும் பரவியது. தோட்டக் குடும்பம் ஒன்றை இவ்வாறு வரைவோர் விரைவிலேயே தாளின் விளிம்பைக் கடக்க நேரிடும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் பாதிபாதியாகப் பகிரப்பட்டனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினர். நீலகிரியிலே தாயகம் திரும்பியோர்க்கென 1968 ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஊவாவின் உறவினர் இன்றும் உளர். தலைமன்னாரிற் கப்பலேறிய தமக்கையைப் பற்றி ஒரு பாட்டி பேசத் தொடங்கும்போதுதான், மருமகள் வெளிநாடு சென்ற நாள் முதல் அவள் உண்ண மறுக்கும் காரணம் விளங்கும். முன்னைப் பிரிவு பின்னைப் பிரிவினுள் உறைந்திருக்கின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுட் புதையுண்டன. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் பிழைத்த பிள்ளைகளின் வரைபடத்தில், ஒரே நாளைக் குறிக்கும் சிலுவைக் குறிகள் பல வரிசையாக நிற்கும். அவ்வாறான பிள்ளைக்குக் குடும்பம் எனப்படுவது மாமியும் பக்கத்து லயத்தாரும் பாடசாலையுமே.

இத்துணையும் கூறியபின் ஒரு தடையை எழுப்பாமற் செல்லுதல் நேர்மையாகாது. தோட்டக் குடும்பத்தின் துயரைக் குடும்பத்தின் கோளாறு எனக் காண்பது எவ்வளவு முறையாகும்? தாய் ஏன் ரியாத் சென்றாள்? மகளைப் படிப்பிக்கவும் கூரைத் தகரம் மாற்றவும். தந்தை ஏன் குடிக்கின்றார் என்பதற்குக் காரணம் பல. ஆனால் மழையிற் கவ்வாத்து வெட்டிய உடல் நோவுக்கு அதுவே மலிவான மருந்தாகத் தோன்றிய காலம் நெடியது. இவற்றை மறந்து, தாய்க்கும் மகளுக்கும் நெருக்கம் குறைவு என்று எழுதி வைப்பது, முன்பு மனச்சிதைவுற்றோரின் தாயர்க்கு இழைக்கப்பட்ட அநீதியை வேறொரு வடிவில் மீண்டும் இழைப்பதாகும். அரசின் சட்டங்களும் இப்பிழைக்கு விலக்கல்ல. சிறு பிள்ளையுள்ள தாயர் வெளிநாடு செல்லக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. பொருளாதாரம் சரிந்த 2022 ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. தந்தையர் வெளிநாடு செல்வதற்கு அத்தகைய அறிக்கை கேட்கப்பட்டதில்லை.

சல்வடோர் மினுச்சின் என்னும் அறிஞரை இங்கே நினைவுகூர்தல் தகும். ஆர்ஜென்டினாவிற் பிறந்த அவர் நியூயோர்க்கில் வில்ட்விக் என்னும் சிறுவர் பாடசாலையிற் பணியாற்றி, அங்குள்ள ஏழைச் சிறுவரின் குடும்பங்களை ஆராய்ந்து, 1967 ஆம் ஆண்டிற் சேரிக் குடும்பங்களைப் பற்றிய நூலொன்றைத் தம் தோழருடன் வெளியிட்டார். நடுத்தர வகுப்பார்க்கென அமைந்த நீண்ட பேச்சுமுறை அக்குடும்பங்களுக்கு உதவாது என்று கண்ட அவர், சொல்லைக் குறைத்துச் செயலைக் கூட்டினார். யார் யாருக்கருகில் அமர்கின்றனர் என்பதை நோக்கி, இருக்கைகளை மாற்றியே உறவை மாற்றினார். பிலடெல்பியாவில் அவரும் ஜே ஹேலியும் 1960களின் இறுதியிலே பட்டம் பெறாத ஏழை மக்களையே தெரிந்தெடுத்து, அவர்கள் பேசுவதைக் கண்ணாடிக்குப் பின்னிருந்து நோக்கித் திருத்தி, குடும்பச் சிகிச்சை செய்பவராகப் பயிற்றினர். பாகிஸ்தானிலே கிராமத்துச் சுகாதாரப் பெண்கள், பிள்ளைப்பேற்றின் பின் சோர்வுற்ற தாயரை வீடு சென்று கண்டு, கணவனையும் மாமியையும் உடன்சேர்த்துப் பேசும் முறை பெரும் பயன் தந்தது என்று 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. உளமருத்துவர் அரிதாக உள்ள நாடுகளிலே இதுவே இன்று பரவிவரும் போக்கு. ஊவாத் தோட்டங்களிலும் ஒவ்வொரு லயத்து வாசலையும் அறிந்தவர் குடும்பநல மாது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உளர். தோட்டத்திலே பிறந்து உயர்தரம் கற்று வேலையின்றியிருக்கும் யுவதியர் உளர். அவர்கள் பேசும் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

நடுநின்று பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் கற்பியலிலே தலைவன் தலைவியரிடையே ஊடல் தீர்க்கும் வாயில்களெனத் தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர், கண்டோர் முதலிய பன்னிருவரை வகுத்தார். வீட்டார், பணியாளர், கலைஞர், வழிப்போக்கர் என எல்லோரும் அவ்வரிசையில் உளர். தோட்டத்திலும் பிணக்கு மூண்டால் தோட்டத் தலைவரும் கோயில் முதியோரும் மாமனும் கூடிப் பேசுவது வழக்கு. இதனை ஒதுக்கிவிட்டுச் சிகிச்சை செய்யப் புகுவோர் பாதி வழியும் செல்லார்.

ஆயினும் வாயில்களின் நோக்கம் ஒன்றே: கூட்டிவைத்தல். கணவன் கையிலே அடிபட்ட பெண்ணுக்கு அந்நோக்கமே இடராகலாம். பெரும்பாலும் அவளிடம், பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் என்றே கூறப்படும். மேனாட்டுக் குடும்பச் சிகிச்சையும் இப்பிழையினின்று தப்பவில்லை. எல்லோரும் தொகுதியின் உறுப்புக்களே என்று கூறும்போது அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். 1978 ஆம் ஆண்டில் ரேச்சல் ஹேர்-மஸ்டின் என்னும் பெண் அறிஞர் இதனை வன்மையாகக் கண்டித்தார். வீட்டிலே கூறப்படும் உண்மைக்கு இரவில் அடி கிடைக்குமாயின் இருவரையும் ஒருங்கிருத்திப் பேசலாகாது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்ற விதி. முதலில் அவளைத் தனியே கண்டு, அவளுக்குப் பாதுகாப்புண்டா என்று அறிதல் வேண்டும். இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். லயத்திலோ தனியே காண்பது எளிதன்று. இரு காம்பராக்களுக்கிடையே உள்ள சுவரினூடு இருமலும் கேட்கும். உத்தியோகத்தர் ஒருவர் வாசலில் நின்றால் மாலைக்குள் மேற்பிரிவு கீழ்ப்பிரிவு முழுவதும் அறியும். பிள்ளைக் காம்பராவும் கர்ப்பிணித் தாயர் கூடும் கிளினிக்கும் ஐயம் விளைக்காது சந்திக்கத்தக்க இடங்கள். அங்கே ஆடவர் வருவது அரிது.

இன்னொன்றையும் கூறவேண்டும். நூல்கள் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் என்று எழுதும். தோட்டத் தொழிலாளி ஒருவர் பதுளை கிளினிக்குக்கு வருவாராயின் அன்றைய பேர் போய்விடும், அரைப்பேரும் கிடையாது. 2024 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது; தந்தையும் மூத்த மகனும் வந்தால் இழப்பு இரட்டிக்கும்; பேருந்துக் கட்டணம் வேறு. முழுக் குடும்பமும் வரவேண்டும் என்று கேட்பவர் எவ்வளவு பணத்தைக் கேட்கின்றார் என்பதை உணர்ந்து கேட்டல் நன்று. ஒரே சந்திப்பில் இயன்றதை முடிக்கும் முறைகள் இன்று மேனாட்டிலும் செல்வாக்குப் பெற்று வருகின்றன. பின்லாந்து நாட்டின் வடபகுதியில் 1980களில் வளர்ந்த திறந்த உரையாடல் என்னும் முறையிலே நோய் தொடங்கிய ஓரிரு நாள்களுக்குள் மருத்துவர் குழுவே வீடு தேடிச் செல்லும். நம் மலைகளில் அதற்கு வேண்டுவது ஒரு வாகனமும் தமிழறிந்த இருவரும்.

2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் குடும்பத்தாரைச் சந்திக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. சிதறிய குடும்பத்துக்கு இதனினும் பொருத்தமான கருவி பிறிதில்லை. நம் எடுத்துக்காட்டுச் சிறுமியின் தாய்க்கும் ஒரு நாற்காலி இட்டு, அதன்மேற் கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்தால் அவளும் அவ்வட்டத்தில் அமர்ந்தவளாவாள். நேரமே தடை. கிளினிக் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். ரியாத்தில் அப்போது ஆறரை. தன் எசமானியின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தஞ் செய்யும் வேளை அது. அவ்வீட்டார் உறங்கி அவள் கைக்குத் தொலைபேசி வரும்போது அங்கே இரவு பதினொரு மணி. எல்லையில் அப்போது ஒன்றரை மணி. சிறுமி தம்பியை அணைத்தபடி உறங்கிக்கொண்டிருப்பாள்.